ஸ்பீக்கர் கேபிளை மாற்றினால் ஒலி மாறுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபையர் அறையின் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அதிலிருந்து இடது ஸ்பீக்கருக்கு 2 மீட்டர், வலது ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் வயர் ஓடுகிறது. இப்போது இருப்பது ஸ்பீக்கரோடு பெட்டியில் வந்த மெல்லிய வயர். விலையுயர்ந்த கேபிள் போட்டால் பேஸ் இறுகும், ட்ரெபிள் துலங்கும் என்கிறார் விற்பவர். வயரில் என்ன இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது? கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் அம்புக்குறிக்குப் பொருள் உண்டா? இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்க வேண்டுமா?

உங்கள் வயரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்குத் தடிமனான சாதாரணச் செம்பு வயரே போதும். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். கணக்குப் பார்க்காமல் பேசுவதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு சண்டை நடக்கிறது.

ஸ்பீக்கர் வயரில் முதலில் பார்க்க வேண்டியது மின்தடை. ஒரு மீட்டர் நீளமும் 1 சதுர மி.மீ. குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் தடை சுமார் 0.017 ஓம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்பதால் 5 மீட்டர் கேபிளுக்குள் 10 மீட்டர் செம்பு இருக்கிறது. பெட்டியோடு வரும் வயர் 0.5 சதுர மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தத் தடை ஏறக்குறைய 0.35 ஓம். அதே நீளத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால் 0.07 ஓம்.

0.35 ஓம் என்றால் அற்பமாகத் தோன்றும். எல்லா அலைவரிசையிலும் சத்தம் ஒரே அளவு குறைந்தால் அது அற்பம்தான், வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகிவிடும். சிக்கல் என்னவென்றால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, நிலையாக இருப்பதில்லை. பின்புறம் ஒட்டியிருக்கும் "4 ஓம்", "8 ஓம்" எல்லாம் பெயரளவு மதிப்பு. ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் தரப்படி 4 ஓம் என்று அறிவித்த ஸ்பீக்கர் எந்த அலைவரிசையிலும் 3.2 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. இதைக் கண்டிப்பாகப் பின்பற்றாத தயாரிப்பாளர்கள் நிறையப் பேர் உண்டு. அதே ஸ்பீக்கர், பேஸ் தரும் வூஃபர் தன்னியல்பாக அதிரும் இடத்தில் 20 ஓமுக்கும் மேலே ஏறும். வூஃபரும் ட்ரெபிள் தரும் ட்வீட்டரும் வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் கிராஸ்ஓவர் பகுதியிலும் பெரும்பாலும் இன்னொரு மேடு இருக்கும்.

இப்போது ஆம்ப் கொடுக்கும் வோல்ட்டேஜை வயரும் ஸ்பீக்கரும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இம்பீடன்ஸ் 20 ஓம் இருக்கும் இடத்தில் 0.35 ஓம் வயர் எடுத்துக்கொள்வது 0.15 டெசிபல். 3.2 ஓம் இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 0.9 டெசிபல். அதாவது பாட்டின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைவிட முக்கால் டெசிபல் இறங்கிவிடுகிறது. கேட்காமலே யாரோ டோன் கண்ட்ரோலைத் திருகிவிட்டதுபோல. முக்கால் டெசிபல் பலமான மாற்றமில்லை. ஆனால் அகலமான அலைவரிசைப் பட்டையில் நடந்தால் பழகிய காது கவனிக்கும். 10 மீட்டர் ஓடினால் இந்த வித்தியாசம் 1.4 டெசிபல் ஆகிவிடும், அது பழகாத காதுக்கும் தெரியும். 2.5 சதுர மி.மீ. வயரில் 5 மீட்டருக்கு 0.15 டெசிபல்தான். பாட்டு கேட்கும்போது அதைப் பிரித்தறிய முடியாது.

ஆகவே மெல்லிய வயரையும் தடித்த வயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு "மாற்றம் தெரிகிறது" என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். தெரியத்தான் செய்யும்.

பரவலாகப் பின்பற்றும் விதி ஒன்று உண்டு: வயரின் மொத்தத் தடை, ஸ்பீக்கரின் பெயரளவு இம்பீடன்ஸில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம். இதன்படி 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் 4 ஓம் ஸ்பீக்கருக்கு எட்டரை மீட்டர் வரையும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 17 மீட்டர் வரையும் போகலாம். 2.5 சதுர மி.மீ. என்றால் 4 ஓமுக்கே 14 மீட்டர் தாண்டிப் போகலாம். 5 சதவீதம் என் காதுக்குக் கொஞ்சம் தாராளமான வரம்பு. நான் அதில் பாதியை வைத்துக்கொள்வேன். அப்படிப் பார்த்தாலும் வீட்டு அறைக்கு 2.5 சதுர மி.மீ. தாராளம்.

"பேஸ் இறுகும்" என்று சொல்வதற்கு வழக்கமாகக் காட்டும் காரணம் டேம்பிங் ஃபேக்டர், அதாவது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை ஆம்ப்பின் உள்தடையால் வகுத்து வரும் எண். ஆம்ப்பின் உள்தடை எவ்வளவு குறைவோ, வூஃபரின் அசைவை அது அவ்வளவு கட்டுக்குள் வைக்கும் என்பது கருத்து. கருத்து சரிதான். ஆனால் விளம்பரத் தாளில் 200 என்றும் 500 என்றும் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் கேபிளுக்குப் பயப்படத் தேவையில்லை. வூஃபரின் வாய்ஸ் காயில் என்பது மெல்லிய கம்பியைப் பல மீட்டர் சுற்றிய ஒரு சுருள். 8 ஓம் ஸ்பீக்கரில் அதன் தடை மட்டுமே சுமார் 6 ஓம். வூஃபரை நிறுத்தும் மின்னோட்டம் அந்த 6 ஓமையும் கடந்துதான் ஓட வேண்டும். கிராஸ்ஓவரில் இருக்கும் சுருள்களின் தடையும் அதோடு சேரும். இவற்றோடு 0.07 ஓம் வயரைச் சேர்ப்பதால் பேஸ் தளராது, அதை எடுத்துவிட்டாலும் இறுகாது.

இன்னொன்று. செம்பு சூடானால் அதன் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். கொஞ்சம் பலமாகப் பாட்டு ஓடினால் வாய்ஸ் காயில் 50 டிகிரி சூடேறுவது சாதாரணம். 6 ஓம் 7.2 ஓம் ஆகிவிடும். அந்த 1.2 ஓம், 5 மீட்டர் நல்ல வயரின் மொத்தத் தடையைப்போல 17 மடங்கு. பாட்டின் நடுவிலேயே, பெட்டிக்குள்ளேயே, இது ஏறியும் இறங்கியும் நடந்துகொண்டே இருக்கிறது.

தடைக்கு அடுத்தது இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம். சாதாரண இரட்டை வயரில் மீட்டருக்கு 0.6 முதல் 0.7 மைக்ரோஹென்றி இருக்கும். 5 மீட்டர் வயர், 4 ஓம் ஸ்பீக்கர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 20,000 ஹெர்ட்ஸில் இழப்பு 0.05 டெசிபல். விட்டுவிடலாம். விதிவிலக்கு எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர்கள் (வாய்ஸ் காயிலுக்குப் பதில் மின்னூட்டத்தால் மெல்லிய படலத்தை அசைப்பவை). அவற்றின் இம்பீடன்ஸ் மேல் அலைவரிசையில் 1 அல்லது 2 ஓமுக்கு இறங்குவதால் அங்கே நீளமான கேபிளின் இண்டக்டன்ஸ் உண்மையிலேயே பேசும். அத்தகைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர் கேபிளைக் குட்டையாக வைக்க வேண்டும்.

கெப்பாசிட்டன்ஸ், அதாவது இரண்டு கம்பிகளுக்கிடையே மின்னூட்டம் தேங்கும் குணம், சாதாரண வயரில் கவலைப்படும் அளவு இல்லை. வேடிக்கை என்னவென்றால் அது தொல்லையாவது சில ஆடம்பரக் கேபிள்களில்தான். தட்டையாகவும் பின்னலாகவும் நெருக்கிச் செய்தவற்றில் கெப்பாசிட்டன்ஸ் பல மடங்கு ஏறிவிடும். வெளியீட்டில் பாதுகாப்புச் சுருள் இல்லாத சில ஆம்ப்கள் அத்தகைய சுமையைக் கண்டால் காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஊசலாடத் தொடங்கிச் சூடாகும். எரிந்துபோகவும் கூடும். உங்கள் ஆம்ப்பின் கையேட்டில் கேபிள் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதை மதியுங்கள். அந்த ஆம்ப்பைச் செய்தவருக்கு அதன் பலவீனம் தெரியும்.

ஸ்கின் எஃபெக்ட் என்று சொல்வார்கள். அலைவரிசை ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் என்பது. 20,000 ஹெர்ட்ஸில் செம்பில் அந்த ஆழம் சுமார் 0.47 மி.மீ. 2.5 சதுர மி.மீ. ஒற்றைக் கம்பியில் இதனால் தடை கால் பங்கு கூடலாம். 0.07 ஓமில் கால் பங்கு. மேலே போட்ட கணக்கைப் பார்த்த பிறகு இதற்குத் தனிக் கணக்கு வேண்டாம்.

சரி, பொருளில் வித்தியாசம் இல்லையா? வெள்ளி, செம்பைவிடச் சுமார் 6 சதவீதம் நன்றாகக் கடத்தும். அப்படியானால் 2.5 சதுர மி.மீ. வெள்ளிக் கம்பி தருவதை 2.65 சதுர மி.மீ. செம்புக் கம்பி தந்துவிடும். ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்கிறார்களே, அது 99.95 சதவீதம் தூய்மை. சாதாரண மின்கம்பிச் செம்பு 99.9 சதவீதம். கடத்துதிறனில் வித்தியாசம் ஒரு சதவீதம் போல. இரண்டும் நல்ல செம்புதான், கிடைப்பதை வாங்கலாம்.

ஆனால் ஒன்றில் கட்டாயம் விழிப்பாக இருங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் ஏராளமாக விற்கிறது. சிசிஏ என்று உறையில் சிறு எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. ஒரே தடிமனில் இதன் தடை செம்பைப்போல ஒன்றரை மடங்கு. வளைத்தால் இழைகள் சீக்கிரம் ஒடியும். திருகின் கீழே இறுக்கினால் நாள்பட நசுங்கித் தளரும். கண்டுபிடிப்பது எளிது. நுனியில் ஓர் இழையைத் தனியாக எடுத்து, பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சிவப்பாகவே இருந்தால் செம்பு. வெள்ளீயம் பூசிய செம்பு வயர் இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு. அது நல்ல வயர், ஒதுக்கிவிடாதீர்கள். சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், அலுமினியம் செம்பின் பாதி எடைகூட இருக்காது. வேறு எதற்கும் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன், இதற்கு வற்புறுத்துகிறேன். பணம் செம்புக்குக் கொடுத்து அலுமினியம் வாங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன்: வயரின் இரண்டு நுனிகள்.

ஒருமுறை நண்பர் ஒருவர் புதுக் கேபிள் வாங்கிப் போட்டதும் இடது ஸ்பீக்கருக்கு உயிர் வந்துவிட்டது என்றார். போய்க் கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது. கழற்றிப் போட்டிருந்த பழைய வயரைக் கேட்டு வாங்கி மறுபடி இடது பக்கம் மாட்டினேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்பின் டெர்மினலில் 2.00 வோல்ட் வரும்படி வால்யூமை வைத்தேன். வலது ஸ்பீக்கரின் டெர்மினலில் 1.99. இடது பக்கம் 1.52, அதுவும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. வயரைத் தொட்டால் 1.70, விட்டால் 1.50. டெர்மினலைக் கழற்றிப் பார்த்தேன். வயரின் மேலுறையைப் போதுமான அளவு உரிக்காமல் சொருகி இறுக்கியிருந்தார்கள். திருகு பிளாஸ்டிக்கைத்தான் கடித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் பிதுங்கிய நான்கைந்து இழைகள் மட்டும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன, அவையும் பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறியிருந்தன. அந்த நுனியை வெட்டி, 12 மி.மீ. உரித்து, இழைகளை முறுக்கிச் சொருகி இறுக்கினேன். மீட்டரில் 1.99. அதே பழைய வயர்தான்.

நண்பர் கேட்டது கற்பனையில்லை. இரண்டரை டெசிபல்வரை போய்க்கொண்டிருந்தது, திரும்பி வந்தது. ஆனால் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது புதுக் கேபிளின் பெயரோ பின்னலோ இல்லை, புதிதாக உரித்த நுனி. கேபிளை மாற்றியதும் ஒலி தெளிந்தது என்று நேர்மையாகச் சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய வயரின் நுனியை ஒரு முறை வெட்டிப் புதிதாக உரித்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

பிளஸ், மைனஸ் மாறுவதும் நுனிக் கோளாறுதான். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால், ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்து கிடக்கும். எந்தக் கேபிளை மாற்றினாலும் வராத மாற்றம் இது. சோதிக்க, மோனோவில் ஒருவர் பேசும் பதிவை ஓடவிட்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் உட்காருங்கள். குரல் எதிரே ஒரு புள்ளியில் நின்றால் சரி. இல்லையென்றால் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

நுனியும் சரி, தடிமனும் சரி, இதற்கு மேலும் இரண்டு நல்ல கேபிள்களுக்கிடையே வித்தியாசம் கேட்பதாகச் சொல்கிறார்களே? நானும் கேட்டிருக்கிறேன், அதனால் இதை அலட்சியமாகச் சொல்ல மாட்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பின்னல் கேபிளையும் சாதாரண 2.5 சதுர மி.மீ. வயரையும் மாற்றி மாற்றிப் போட்டேன். பின்னல் கேபிளில் வயலினின் வில் உரசும் ஒலி கூடுதலாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது. பிறகு தம்பியை உதவிக்குக் கூப்பிட்டு, ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டு, நாணயத்தைச் சுண்டி அவன் மாட்ட நான் கேட்பது என்று 16 முறை செய்தோம். 9 முறை சரியாகச் சொன்னேன். கேட்காமல் குத்துமதிப்பாகச் சொன்னாலே 8 வரும். தற்செயல் இல்லை என்று நம்ப 16க்கு 12 ஆவது சரியாக இருக்க வேண்டும். மூன்று முறை தொடர்ந்து ஒரே வயர்தான் மாட்டியிருந்தது, அந்த மூன்றிலும் நான் "மாறிவிட்டது" என்று எழுதியிருந்தேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

காது பொய் சொல்லவில்லை. நாம் எழுந்து போய் வயரை மாற்றிவிட்டு வந்து உட்காரும்போது தலை ஒரு சாண் நகர்ந்திருக்கும். அந்த ஒரு சாணுக்கே மேல் அலைவரிசைகளில் சில டெசிபல் ஏறி இறங்கும், ஏனென்றால் நேரே வரும் ஒலியும் சுவரில் பட்டு வரும் ஒலியும் ஒவ்வோர் இடத்திலும் வேறுவிதமாகக் கலக்கின்றன. மாற்ற இரண்டு மூன்று நிமிடம் ஆகும், நுட்பமான ஒலி நினைவு சில நொடிகளுக்கு மேல் நிற்பதில்லை. வால்யூம் கொஞ்சம் கூடியிருந்தாலும் அதைச் சத்தம் கூடியதாக உணராமல் தெளிவு கூடியதாக உணர்வோம். இவை போதாதென்று, எதைக் கேட்கப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பும் கூடவே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் ஒப்பிடும்போது இரண்டு பக்க அளவையும் மீட்டர் வைத்து 0.1 டெசிபலுக்குள் சமமாக்க வேண்டும், எது மாட்டியிருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது.

1983 ஆகஸ்ட் மாத ஸ்டீரியோ ரிவ்யூ என்ற அமெரிக்க இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் இப்படி ஒரு சோதனையை எழுதினார். மெல்லிய 24 கேஜ் வயர், சாதாரண 16 கேஜ் வயர், அப்போது பேர் வாங்கியிருந்த தடித்த மான்ஸ்டர் கேபிள் மூன்றும் போட்டியில். 24 கேஜ் என்பது 0.2 சதுர மி.மீ.தான். எல்லா அலைவரிசையும் கலந்த பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டபோது, கேட்டவர்கள் அந்த 24 கேஜ் வயரை இனம் கண்டுகொண்டார்கள். 16 கேஜையும் மான்ஸ்டரையும் இசையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேலே போட்ட கணக்கு சொல்வதும் இதைத்தான்.

அம்புக்குறியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்பீக்கர் வயரில் ஓடுவது முன்னும் பின்னுமாக மாறும் மின்னோட்டம், அதற்குத் திசை கிடையாது. ஆம்ப்புக்கும் பிளேயருக்கும் இடையே போடும் சில வயர்களில் மட்டும் அம்புக்குப் பொருள் உண்டு. இரைச்சலைத் தடுக்கும் மேல்வலையை அவற்றில் ஒரு முனையில் மட்டும் இணைத்திருப்பார்கள், எந்த முனை என்பதை அம்பு காட்டும். ஸ்பீக்கர் வயருக்கு அந்த வலையே தேவையில்லை. நூறு மணி நேரம் ஓடினால் கேபிள் பழகிவிடும் என்பதும் அப்படித்தான், பழகுவது நாம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: 2.5 சதுர மி.மீ. பல இழைச் செம்பு வயர், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 8 மீட்டர். ஸ்பீக்கரை நகர்த்திப் பார்க்கக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். சுவரை ஒட்டியிருக்கும் ஸ்பீக்கரை இரண்டு சாண் முன்னே இழுத்தால் பேஸில் வரும் மாற்றம் பல டெசிபல் இருக்கும், அது இலவசம். நுனியில் ஒரு இழைகூடப் பக்கத்து டெர்மினலைத் தொடாமல் பாருங்கள், தொட்டால் ஆம்ப் போய்விடலாம். அடிக்கடி கழற்றி மாட்டுபவராக இருந்தால் பனானா பிளக் (டெர்மினலில் சொருகி எடுக்கும் உலோக நுனி) போடுங்கள், இல்லையென்றால் வெறும் செம்பே நல்லது. வருடத்துக்கு ஒரு முறை திருகுகளை இறுக்கிப் பாருங்கள்.

நீளம் ஒரே அளவாக வேண்டியதில்லை. 2 மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தில் 2.5 சதுர மி.மீ. வயரின் தடை மாறுவது 0.04 ஓம், சத்தத்தில் 0.1 டெசிபலுக்குள். பழைய 0.5 வயரில் இது 0.4 டெசிபல் வரை போயிருக்கும், குரல் லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தால் அதற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நேரக் கணக்கும் பார்த்துவிடுவோம்: 3 மீட்டர் கூடுதல் வயரைக் கடக்க மின்குறிக்கு ஆகும் நேரம் சுமார் 15 நானோநொடி. அந்த நேரத்தில் காற்றில் ஒலி போகும் தூரம் 5 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவு. சமமாக்குவதற்காக இடது பக்கமும் 5 மீட்டர் வாங்கி மிச்சத்தைச் சுருட்டி வைக்க வேண்டாம். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்தாலும் பயமில்லை, போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒரே வயருக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் சுருள் காந்தமாகச் செயல்படாது.